லாரி செட்டில் பழங்குடியினருக்கான உறுதிமொழி: என்ன எழுதுவது, யாரைக் கேட்டு எழுதுவது?

கேள்வி: கொள்ளிடக்கரை லாரிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் அண்ணனும் சீர்காழிக்குப் பக்கத்தில் பதினோரு லாரிகளை வைத்துத் தொழில் செய்கிறோம். குறுவை, சம்பா அறுவடையின்போது நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலிருந்து கிடங்குகளுக்கும் ரயில்வே கூட்ஸ் ஷெட்டுக்கும் நெல் சிப்பங்களை ஏற்றிச் செல்வதும், மற்ற மாதங்களில் உரம், சிமெண்ட், செங்கல் ஏற்றுவதும் எங்கள் வேலை. என் தங்கை மகன் கனடாவில் ஒரு பெரிய லாரி நிறுவனத்தில் பணிபுரிகிறான். அந்நாட்டுப் பழங்குடி மக்களோடு கலந்து பேசி, வேலையிலும் வணிகத்திலும் அவர்களுக்கு இடம் தருவதாக அவனுடைய நிறுவனம் ஓர் உறுதிமொழியை எழுதி, அலுவலக வாசலில் மாட்டியிருக்கிறது. அதை அவன் வரிவரியாகத் தமிழில் சொன்னபோது, நம் செட்டிலும் இப்படி ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்துவிட்டது.

அந்த எண்ணத்துக்குக் காரணம், எங்களிடம் ஆறு ஆண்டுகளாகக் கிளீனராக இருக்கும் ஒரு தம்பி. கொள்ளிடத்துக்கு அக்கரையில், பிச்சாவரம் பக்கம், உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பத்தில் பிறந்தவர். வண்டி கிளம்புவதற்கு முன் ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு எல்லாச் சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருவார். ஒலி மந்தமாக வந்தால், அந்த டயரில் காற்று இறங்கியிருக்கிறது என்று வண்டியை நிறுத்திவிடுவார். அவர் சொல்லித் தவறிய நாள் எனக்கு நினைவில் இல்லை. அவர் படுதா கட்டிய வண்டியில், ஐப்பசி மழையிலும் ஒரு சிப்பம் நனைந்ததில்லை. செட்டுக்குள் வண்டியைப் பின்னோக்கி எடுத்து, இரண்டு வண்டிகளுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் நிறுத்துவதும் அவர்தான். இருந்தும் அவரை ஓட்டுநராக்க என்னால் முடியவில்லை. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. மூன்றாம் வகுப்பு வரை படித்ததற்கான பள்ளிச் சான்றும் இல்லை. ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு மட்டும் தோராயமாகப் பதிவாகியிருக்கிறது. சாதிச் சான்றிதழுக்கு இரண்டு முறை மனுக் கொடுத்தும் பதில் வரவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் சேர்ந்த புதிதில், எங்கள் ஓட்டுநர்களில் இருவர் அவரை வேறு தட்டில், வேறு இடத்தில் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் நடந்த இந்தச் செய்தி எனக்குத் தெரியவே இரண்டு ஆண்டுகள் ஆயின. தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

ஆகவே, விவரம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன். உறுதிமொழியில் எந்தச் சொல்லை எழுத வேண்டும்: பழங்குடியா, பூர்வகுடியா, ஆதிவாசியா? எங்களைப் போன்ற சிறிய நிறுவனம் எதை உறுதியாகச் சொல்ல முடியும்? எழுதுவதற்கு முன்பு யாரிடம் பேச வேண்டும்?

பதில் 1: ஒரத்தநாடு–வின்னிபெக்

ஐயா, வணக்கம். நான் ஒரத்தநாட்டுக்காரன், கனடாவின் மனிடோபா மாகாணத்தில் சரக்கு லாரிகளுக்கு வழித்திட்டம் போடும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் தங்கை மகன் காட்டிய உறுதிமொழியைப் போன்றவற்றை நானும் படித்திருக்கிறேன், சில கூட்டங்களில் அவை எழுதப்படுவதையும் உடனிருந்து பார்த்திருக்கிறேன். அவற்றின் பின்னணி தெரிந்தால், நீங்கள் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பது தெளிவாகும்.

கனடாவின் 1982-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, முதல் குடிகள், இனுயிட், மெட்டி என்ற மூன்று பழங்குடி மக்களின் உரிமைகளை ஏற்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி இவர்கள் ஏறத்தாழ 18 லட்சம் பேர், மக்கள்தொகையில் நூற்றுக்கு ஐந்து. இவர்களுடைய பிள்ளைகளில் சுமார் ஒன்றரை லட்சம் பேரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, மொழியையும் பெயரையும் மறக்கச் செய்த வரலாறு இந்நாட்டுக்கு உண்டு. அதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் 94 அறைகூவல்களை வெளியிட்டது. அவற்றில் 92-ஆவது நேரடியாக வணிக நிறுவனங்களை நோக்கியது. திட்டங்களைத் தொடங்கும் முன் அந்த மக்களோடு பொருளுள்ள முறையில் கலந்து பேசி ஒப்புதல் பெற வேண்டும், வேலையும் பயிற்சியும் அவர்களுக்குச் சமமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும், நிறுவனத்தின் மேலாளர்களும் ஊழியர்களும் அந்த வரலாற்றைக் கற்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. நிறுவனங்களின் உறுதிமொழிகளில் பல இந்த மூன்றைத்தான் தம் சொற்களில் திருப்பிச் சொல்கின்றன.

லாரித் தொழிலுக்கு இது ஏன் இவ்வளவு நெருக்கம் என்பதை ஒரு காட்சியால் சொல்கிறேன். மனிடோபாவின் வடக்கே ஆண்டு முழுவதும் சாலையே இல்லாத முதல் குடிகளின் ஊர்கள் இருக்கின்றன. சனவரியில் ஏரிகள் உறைந்த பிறகு, அந்தப் பனியின் மேலேயே பாதை அமைத்து, மார்ச்சு வரை லாரிகள் டீசலும் மரமும் மளிகையும் ஏற்றிச் செல்லும். எத்தனை டன் வரை பாரம் தாங்கும் என்று பனியைத் துளையிட்டு அளந்து சொல்வதும், பாதையைப் பராமரிப்பதும் பெரும்பாலும் அவ்வூர்க்காரர்களே. முதல் முறை அந்த வழிக்குத் திட்டம் போட்டபோது, நான் வரைபடத்தைப் பார்த்து ஓர் ஏரியின் குறுக்கே நேர்கோடு போட்டேன். தொலைபேசியில் பேசிய, கிரீ என்ற பழங்குடி மொழிக்காரர் ஒருவர், அந்த இடத்தில் அடியில் நீரோட்டம் உண்டு, அங்கே பனி எப்போதும் மெல்லியதாகவே இருக்கும் என்று பொறுமையாகச் சொல்லி, வண்டியை வளைத்துக் கொண்டுவரச் செய்தார். கலந்து பேசுவது என்ற சொல்லின் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

உங்கள் கிளீனர் தம்பியின் சிக்கல் இங்கும் வேறு உருவத்தில் இருக்கிறது. 2018-இல் ஒரு பெரிய விபத்துக்குப் பிறகு, 2019 செப்டம்பர் முதல் மனிடோபாவில் கனரக உரிமத்துக்கு 121.5 மணி நேரப் பயிற்சி கட்டாயமாயிற்று. அது தேவையான விதி என்பதில் ஐயமில்லை. ஆனால், பயிற்சிப் பள்ளிகள் நகரங்களில் இருக்கின்றன. வடக்கிலிருந்து வரும் இளைஞருக்கு வாரக்கணக்கில் தங்குமிடமும் சாப்பாடும் வேண்டும். சிலரிடம் சாதாரண கார் ஓட்டும் உரிமமே இருப்பதில்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனம், பழங்குடி ஓட்டுநர்களை வரவேற்கிறோம் என்று விளம்பரம் செய்துவிட்டு, தங்குமிடத்துக்கு ஒரு காசும் ஒதுக்கவில்லை. அந்த ஆண்டு ஒருவர்கூட வந்து சேரவில்லை. அடுத்து நான் சேர்ந்த இடத்தில், பயிற்சிக் கட்டணத்தையும் அறை வாடகையையும் நிறுவனமே ஏற்றது. நால்வர் வந்தார்கள், மூவர் இன்றும் ஓட்டுகிறார்கள்.

பயணிகள் போக்குவரத்தில் இதைவிடக் கசப்பான பாடம் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிரின்ஸ் ஜார்ஜுக்கும் பிரின்ஸ் ரூபர்ட்டுக்கும் இடையே ஓடும் 16-ஆம் எண் நெடுஞ்சாலையில், பேருந்து வசதியின்றி வழிப்போக்கு வண்டிகளைக் கை காட்டி ஏறிய பழங்குடிப் பெண்கள் பலர் காணாமற்போனார்கள், கொல்லப்பட்டார்கள். கண்ணீர் நெடுஞ்சாலை என்றே அதற்குப் பெயர். 2006-இல் அம்மக்கள் கூடிப் பேசி 33 பரிந்துரைகளை வைத்தார்கள். பேருந்து வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. அந்த வழியில் ஊர்களை இணைக்கும் அரசுப் பேருந்து ஓடத் தொடங்கியது 2017-இல். அந்தப் பதினோரு ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. கிழக்குக் கனடாவில் லாப்ரடோரிலிருந்து கியூபெக்கின் ஷெஃபர்வில் வரை செல்லும் ரயில் பாதையை, இரண்டு இன்னு பழங்குடிச் சமூகங்களும் நாஸ்காப்பி மக்களும் சேர்ந்து 2005 முதல் தாங்களே நடத்துகிறார்கள். ஷியூவெட்டின் என்பது அந்த நிறுவனத்தின் பெயர். வடகாற்று என்று பொருள். வேலைக்குச் சேர்ப்பதோடு நில்லாமல் உரிமையாளர்களாக ஆவதும் நடக்கக்கூடியதே என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நீங்கள் விட்டுவிட வேண்டிய ஒன்றும் இருக்கிறது. இங்குள்ள உறுதிமொழிகள், நாங்கள் இன்ன மக்களின் நிலத்தில் இருக்கிறோம் என்ற ஒப்புதலோடு தொடங்கும். நான் இருக்கும் வின்னிபெக் நகரம், பழங்குடி மக்களோடு 1871-இல் கையெழுத்தான முதலாம் உடன்படிக்கையின் நிலத்தில் இருப்பதால் அந்த வாசகத்துக்குச் சட்டப் பொருள் உண்டு. காவிரிப் படுகையில் அப்படியோர் உடன்படிக்கை இல்லை. அந்த வரியை அப்படியே தமிழில் எழுதி மாட்டினால், படிக்கும் உங்கள் தம்பிக்கு அது எதையும் தராது. அவருக்கு உரிமம் வாங்கித் தருவதாக எழுதுங்கள், ஐயா.

பதில் 2: நாகை ஆதியன் பட்டதாரி

ஐயாவுக்கு வணக்கம். நான் நாகப்பட்டினம் மாவட்டத்துப் பெண். ஊரார் எங்களைப் பூம்பூம் மாட்டுக்காரர்கள் என்பார்கள். அரசின் பழங்குடிப் பட்டியலில் எங்கள் பெயர் ஆதியன். என் அப்பா மாட்டுக்கு நெற்றிப்பட்டம் கட்டி, உறுமியை வாசித்துக்கொண்டு, தை அறுவடை முடிந்ததும் வெண்ணாற்றங்கரை ஊர்கள் முழுவதும் நடந்தவர். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு கலந்த பேச்சு. எங்கள் குடியிருப்பில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் பெண் நான்.

நீங்கள் கேட்ட சொல்லைப் பற்றி முதலில் சொல்கிறேன். பூர்வகுடி என்று எழுதாதீர்கள். டெல்டாவில் அந்தச் சொல்லை எழுதினால், பத்துத் தலைமுறைப் பட்டா வைத்திருப்பவரும் நான்தான் இந்த மண்ணின் பூர்வகுடி என்பார். அவரை மறுக்கவும் முடியாது. ஐக்கிய நாடுகள் அவை 2007-இல் பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியபோது, இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்துவிட்டு, இந்நாட்டு மக்கள் அனைவருமே இம்மண்ணின் பூர்வகுடிகள் என்ற நிலையைத்தான் எடுத்தது. எல்லோரையும் குறிக்கும் சொல்லுக்குள் நாங்கள் காணாமற்போய்விடுவோம். பழங்குடி என்று எழுதுங்கள். எங்கள் கையில் இருக்கும் சான்றிதழில் இருப்பது அந்தச் சொல்தான், கிடைக்காமல் நாங்கள் அலைவதும் அந்தச் சொல்லுக்காகத்தான். அதோடு இருளர், ஆதியன், காட்டுநாயக்கன், நரிக்குறவர் என்று ஒவ்வொரு பெயரையும் எழுதுங்கள். நரிக்குறவர்களும் குருவிக்காரர்களும் பழங்குடிப் பட்டியலில் சேர்வதற்கான மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான். அவ்வளவு காலம் காத்திருந்து பெற்ற பெயர் அது.

போக்குவரத்து நிறுவனம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது என் அம்மாதான். திருவாரூரில் பிளாஸ்டிக் குடங்களை மொத்தமாக வாங்கி, ஒரு சேலையில் மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு தனியார் பேருந்துக்கு நிற்போம். அம்மா முந்தானை முடிச்சில் டிக்கெட்டுக்கும் மூட்டைக்கும் சரியான சில்லறையை முன்கூட்டியே எண்ணி முடிந்து வைத்திருப்பார். வண்டி நின்றதும் முடிச்சை அவிழ்த்து, காசை உள்ளங்கையில் நடத்துநருக்குத் தெரியும்படி நீட்டியபடியே படியில் கால் வைப்பார். பணம் இருக்கிறது என்று காட்டாமல் ஏற முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். அப்படியும் பலமுறை, பின்னால் வரும் வண்டியில் ஏறு என்ற சொல்தான் கிடைத்தது. ஏறிவிட்டாலும், இருக்கை காலியாக இருக்கும்போதே நாங்கள் பின்படிக்கட்டின் அருகே மூட்டைமேல் உட்கார்ந்து வருவோம். அங்கே உட்காரும்படி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அம்மா உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன்.

2021 மே மாதம் முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, அம்மா அந்தச் சில்லறை முடிச்சைப் போடுவதை நிறுத்தவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் நாகர்கோவில் வடசேரி நிலையத்தில் ஒரு நரிக்குறவர் குடும்பம் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டு, அவர்களுடைய மூட்டைகள் வீசப்பட்ட காட்சி எல்லோருடைய கைப்பேசியிலும் ஓடியது. அதற்குக் காரணமான ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். நடவடிக்கை எடுத்தது சரிதான். ஆனால், அந்தக் குடும்பத்தைப் போன்றவர்களைப் பற்றி வேலைக்குச் சேரும் நாளிலேயே ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் யாராவது ஒரு மணி நேரம் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் ஆதங்கம். உங்கள் செட்டில் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். பேசுவதற்கு எங்களில் ஒருவரை அழையுங்கள். போக்குவரத்துச் செலவையும் அன்றைய கூலியையும் கொடுத்து அழையுங்கள்.

யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தம்பியின் குடியிருப்புக்கே போங்கள். பகலில் போனால் கிழவர்களும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். மாலை ஆறு மணிக்குமேல் போங்கள். பாயைப் போட்டால் அதில் உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள், படம் எடுக்காதீர்கள். தனித் தட்டு வைத்த அந்த இரண்டு ஓட்டுநர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

பதில் 3: சுமைப்பணியாளர், மன்னார்குடி

தங்கை எழுதியதை முழு மனதோடு ஏற்கிறேன். ஒரு சொல் மட்டும் சேர்க்கிறேன். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்தை முதுகில் வாங்கி, பலகை மேல் ஏறி உங்கள் லாரியில் அடுக்குகிறவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணைத் தலைமுறை தலைமுறையாக உழுதும் நிலம் இல்லாத பட்டியல் சாதி மக்கள். பழங்குடிப் பட்டியலில் நாங்கள் இல்லை. உங்கள் உறுதிமொழியில் எங்களைச் சேர்க்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால், தனித் தட்டு என்பது உங்கள் செட்டில் அந்தத் தம்பிக்கு மட்டும்தானா, லோடு ஏற்ற வருகிற எங்கள் ஆட்களுக்கும் தனிக் குவளை இருந்ததா என்பதை விசாரித்துப் பாருங்கள் ஐயா.

பதில் 4: ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், கும்பகோணம்

அந்த இளைஞரின் காரியத்தை முதலில் முடிப்போம். சாதிச் சான்றும் உரிமமும் வேறு வேறு வழிகள். ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதைப் பலர் அறியாமல் ஆண்டுகளை இழக்கிறார்கள்.

உரிமத்துக்குச் சாதிச் சான்று தேவையே இல்லை. வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் ஆதாரம் என்பதும் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 4-ஆவது விதி, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சான்று போன்றவற்றோடு, சிவில் சர்ஜன் நிலைக்குக் குறையாத மருத்துவர் தரும் வயதுச் சான்றையும் ஏற்கிறது. போக்குவரத்து வாகனம் ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதியும் 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது. இதை இன்றும் பல ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் தெளிவாகச் சொல்வதில்லை. இலகுரக உரிமத்தை எடுத்து ஓராண்டு முடிந்தால்தான் கனரக உரிமத்துக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். ஆகவே, இந்த வாரமே இலகுரக உரிமத்துக்கு விண்ணப்பித்தால், அடுத்த ஆண்டு இதே பருவத்தில் அவர் கனரக வண்டிக்குப் பழகத் தொடங்கலாம். நாள் தள்ளிப்போனால் ஒரு சம்பா அறுவடை கையை விட்டுப் போகும்.

சாதிச் சான்றைப் பொறுத்தவரை, பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் தருவார். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். மனு இரண்டு முறை பதிலின்றிப் போனது என்கிறீர்கள். முதலில் அது சரியான அலுவலகத்தின் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். அவருடைய அப்பாவுக்கோ, சித்தப்பாவுக்கோ, அத்தைக்கோ சான்று இருந்தால் அதன் நகலை இணையுங்கள். இரத்த உறவினரின் சான்று விசாரணையை வெகுவாகச் சுருக்கிவிடும். இருளர்கள் தமிழ்நாட்டின் ஆறு மிகவும் நலிவடைந்த பழங்குடிகளில் ஒரு பிரிவினர் என்பதால், 2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டத்தின் கீழும் அவர்களுக்கு உரிமையுண்டு. ஆதார், சாதிச் சான்று போன்றவற்றுக்கு அதன் கீழ் முகாம்கள் நடத்தப்பட்டு வந்தன. முகாம் இப்போது நடக்கிறதா, எந்த நாளில் என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு அறியலாம். அவருடைய குடியிருப்பு கடலூர் மாவட்டத்தில் இருப்பதால், விண்ணப்பம் அங்கே போக வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

நான் பணியில் இருந்தபோது, சான்று கேட்டு வந்த ஒரு பழங்குடிப் பெண்ணை ஆதாரம் போதாது என்று மூன்று முறை திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். விதிப்படிதான் செய்தேன். நான்காம் முறை அவர் வரவில்லை. அதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உறுதிமொழியை இப்போதைக்கு எழுதவில்லை. கடலூர் அரசு மருத்துவமனையில் வயதுச் சான்றுக்கு நாளை மறுநாள் தம்பியை நானே அழைத்துச் செல்கிறேன். இலகுரக உரிமத்துக்கான பயிற்சிக் கட்டணத்தை நிறுவனம் ஏற்கும். பயிற்சி நாட்களுக்கு அவருடைய கூலியும் குறையாது என்று அண்ணனும் ஒப்புக்கொண்டுவிட்டார். மன்னார்குடித் தோழர் கேட்டதை விசாரித்தேன். தனிக் குவளை இருந்திருக்கிறது. நேற்று எல்லாக் குவளைகளையும் எடுத்துவிட்டு, ஒரே மாதிரியான இருபது எவர்சில்வர் குவளைகளை வாங்கி வைத்திருக்கிறேன்.

நாகைத் தங்கை சொன்னபடி, ஞாயிற்றுக்கிழமை மாலை தம்பியின் குடியிருப்புக்குப் போகலாமா என்று அவரிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அன்று அமாவாசைக்கு அடுத்த நாள், இரவு கடல்நீர் ஏற்றத்தில் எல்லோரும் இறாலுக்குப் போய்விடுவார்கள், புதன்கிழமை வாருங்கள் அண்ணா என்றார். அந்த இரண்டு ஓட்டுநர்களில் ஒருவர் வருகிறேன் என்றிருக்கிறார். மற்றவர் இன்னும் பதில் சொல்லவில்லை. அவரிடம் மறுபடியும் பேசுவேன்.